ஐந்தாம் எழுத்தைப் பாருங்கள்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

கரியமாணிக்கம் என்ற நம் ஊர்ப்பெயரை இங்கிலீஷில் எழுதச் சொன்னால் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். நடுவில் ஒய் போடுகிறவர் உண்டு, போடாதவர் உண்டு. ஒருவர் சி-யையும் கே-யையும் சேர்த்துப் போடுவார், இன்னொருவர் இரண்டு கே போடுவார். எப்படி எழுதினாலும் பஸ் இதே ஊரில்தான் நிற்கும், தபாலும் இங்கேதான் வந்து சேரும். பாகூரைப் பாருங்கள். அதன் கடைசி அசையில் ஓ-வும் யு-வும் ஒட்டிக்கொண்டது பிரெஞ்சுக்காரர் வழியாக. இரண்டு ஓ போட்டு எழுதினாலும் யாரும் கேட்பதில்லை. பிரதேசத்தின் பெயருக்கே இந்தக் கதை உண்டு. பழைய பிரெஞ்சு ஏட்டில் 'புதுச்சேரி' என்று எழுதியிருந்ததில் 'யு'வை 'என்' என்று எவரோ படித்ததால்தான் பாண்டிச்சேரி பிறந்தது என்று சொல்வார்கள். 2006 அக்டோபர் 1 முதல் சட்டப்படி புதுச்சேரி. பஸ்ஸில் மட்டும் இன்னும் 'பாண்டி'தான்.

இப்படியே பழகிவிட்டதால், இங்கிலீஷ் என்றாலே எழுத்து முன்னே பின்னே இருக்கலாம் என்ற எண்ணம் நமக்குள் ஊறிப்போய்விட்டது. தமிழ்ப் பெயரை இங்கிலீஷில் எழுதும்போது அந்தச் சலுகை ஓரளவு உண்டு. இங்கிலீஷ் சொல்லுக்குக் கிடையவே கிடையாது. ஒரே ஒரு எழுத்து மாறினால் அது வேறு சொல். ஒரு சொல்லைப் பாதி பார்த்ததும் 'தெரிந்த சொல்தான்' என்று கண் நகர்ந்துவிடுகிறது. நகர்ந்த இடத்தில்தான் வயல் கருகுகிறது, கடன் பத்திரம் தலைகீழாகிறது, பிள்ளையின் விண்ணப்பம் திரும்பி வருகிறது.

நம் நெட்டப்பாக்கம் கொம்யூன் முழுக்க எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரிந்தாக வேண்டும் என்று இதை எழுதவில்லை. நம் கைக்கு வந்து சேரும் சில தாள்களிலும் பாட்டில்களிலும் எந்த எழுத்தை நின்று பார்க்க வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

செய்ய வேண்டியவை

மருந்துக் கடையில் பாட்டிலைக் கையில் வாங்கியதும் ஐந்தாம் எழுத்தைப் பாருங்கள்.

நம் பேச்சில் எல்லாமே 'மருந்து'. பூச்சிக்கு அடித்தாலும் மருந்து, இலைப்புள்ளிக்கு அடித்தாலும் மருந்து, களைக்கு அடித்தாலும் மருந்து. பாட்டிலின் மேல் மட்டும் மூன்று பெயர்கள் இருக்கின்றன: இன்செக்டிசைடு, ஃபங்கிசைடு, ஹெர்பிசைடு. வால் மூன்றுக்கும் ஒன்றுதான். 'சைடு' என்றால் கொல்வது, லத்தீனிலிருந்து வந்தது. எதைக் கொல்வது என்பது தலையில் இருக்கிறது. இன்செக்ட் என்றால் பூச்சி, ஃபங்கஸ் என்றால் பூஞ்சாணம், ஹெர்ப் என்றால் செடி. செடியைக் கொல்வது ஹெர்பிசைடு. அதாவது களைக்கொல்லி. 'வீடிசைடு' என்று போட்டிருந்தாலும் அதே பொருள்தான்.

ஆபத்து எங்கே என்றால், 'ஹெர்பல்' என்ற சொல் அதற்கு முன்பே நம் வீட்டுக்குள் வந்துவிட்டது. சோப்பில் ஹெர்பல், ஷாம்பூவில் ஹெர்பல், பற்பசையில் ஹெர்பல். மூலிகை, உடம்புக்கு நல்லது, கெடுதல் இல்லை என்று அந்தச் சொல்லுக்கு ஒரு நல்ல பெயர் கிடைத்துவிட்டது. அதே கண் களைக்கொல்லி பாட்டிலைப் பார்த்தால் 'ஏதோ இயற்கை மருந்து போலிருக்கு' என்று நினைக்காமல் என்ன செய்யும்? எச், இ, ஆர், பி என்று முதல் நான்கு எழுத்தும் இரண்டுக்கும் ஒன்றே. ஐந்தாவதில்தான் பாதை பிரிகிறது. அங்கே ஏ இருந்தால் மூலிகை. ஐ இருந்தால் களைக்கொல்லி.

மாற்றி அடித்தால் என்ன ஆகும்? நெல்லும் புல் இனம்தான். கிளைபோசேட் போன்ற களைக்கொல்லிக்கு எது களை, எது பயிர் என்ற பேதம் கிடையாது. குருத்துப்பூச்சிக்கு என்று நினைத்து அதை அடித்தால், சில நாளில் பயிர் மஞ்சள் பாய்ந்து பிறகு காய்ந்து போகும். காய்ந்ததை எழுப்ப வேறு மருந்து கிடையாது. திரும்ப நாற்று, திரும்ப நடவு, திரும்ப ஆள்கூலி. 2,4-டி வேறு மாதிரி. அது நெல்லை விட்டுவிட்டு அகன்ற இலைக் களைகளைத் தாக்கும். ஆனால் காற்றில் பறந்து பக்கத்துக் கொல்லையின் கத்திரிக்கோ பருத்திக்கோ போனால் அங்கே இலை சுருண்டுவிடும். அப்புறம் வரப்புச் சண்டை வேறு.

சாய்சதுரத்தின் நிறத்தை வேறொரு கேள்விக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டமும் அதன் கீழ் 1971-இல் வந்த விதிகளும் ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு சாய்சதுரம் போடச் சொல்கின்றன. கீழ்ப்பாதி சிவப்பு என்றால் மிகக் கடும் நஞ்சு. அதற்கு அடுத்தது மஞ்சள், அப்புறம் நீலம், கடைசியில் பச்சை. இந்த நிறம் மனிதருக்கு எவ்வளவு நஞ்சு என்பதைத்தான் சொல்கிறது. பயிருக்கு நல்லதா, களைக்கா, பூச்சிக்கா என்பதை அது சொல்வதில்லை. பச்சைச் சாய்சதுரம் போட்ட களைக்கொல்லி உங்களை அதிகம் பாதிக்காமல் விடலாம், உங்கள் பயிரை விடாது. 'பச்சைதானே போட்டிருக்கு' என்ற பேச்சை இதோடு விட்டுவிடலாம். பாட்டிலோடு ஒரு துண்டுத்தாள் வரும். அதில் வட்டார மொழியும் இருக்க வேண்டும் என்பது விதி. கேட்டு வாங்குங்கள். அதுவும் புரியவில்லை என்றால் 1800-180-1551, உழவர் அழைப்பு மையம். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

பத்திரத்தில் சொல்லின் வாலைப் பாருங்கள்.

பாட்டிலில் தலை முக்கியம் என்றால் பத்திரத்தில் வால் முக்கியம். குத்தகைப் பத்திரத்தில் 'லெஸர்' என்று ஒருவர், 'லெஸீ' என்று ஒருவர். அடமானப் பத்திரத்தில் 'மார்ட்கேஜர்' ஒருவர், 'மார்ட்கேஜீ' ஒருவர். தானப் பத்திரத்தில் 'டோனர்', 'டோனீ'. பக்கம் பக்கமாக இந்தச் சொற்கள் மாறி மாறி வரும். அவசரமாகப் படித்தால் இரண்டும் ஒரே ஆள் போலத் தெரியும். விதி எளிது: வாலில் ஓ-ஆர் அல்லது இ-ஆர் இருந்தால் கொடுக்கிறவர். இரண்டு இ இருந்தால் பெறுகிறவர். நிலத்தைக் குத்தகைக்கு விடுகிறவர் லெஸர், எடுத்து உழுகிறவர் லெஸீ. வேலை கொடுப்பவர் எம்ப்ளாயர், வேலையில் சேர்ந்தவர் எம்ப்ளாயீ. காசோலையில் யார் பெயருக்கு எழுதுகிறோமோ அவர் பேயீ.

அடமானத்தில்தான் படித்தவர்களும் தடுக்கி விழுகிறார்கள். வங்கி பணம் கொடுக்கிறது, ஆகவே வங்கிதான் மார்ட்கேஜர் என்று தோன்றும். இல்லை. மார்ட்கேஜ் என்பது பணம் கொடுப்பது அல்ல, பணத்துக்கு நிலத்தை ஈடாக வைப்பது. நிலத்தை ஈடாகக் கொடுப்பது நீங்கள். ஆகவே மார்ட்கேஜர் நீங்கள், மார்ட்கேஜீ வங்கி. 'மார்ட்கேஜர் செய்ய வேண்டியவை' என்று ஒரு பத்தி வந்தால் அது முழுக்க உங்கள் தலையில் விழும் பொறுப்பு. வங்கியின் பொறுப்பு என்று நினைத்துப் படித்தால் பத்திரமே தலைகீழாகிவிடும். (எல்லா விதிக்கும் விலக்கு உண்டு. வகுப்புக்கு வராதவனை 'ஆப்சென்ட்டீ' என்பார்கள். அவன் எதையும் பெறுவதில்லை, மறுநாள் வாங்கும் திட்டைத் தவிர.)

கையெழுத்துப் போடுவதற்கு முன் பத்திரத்தின் நகலை எடுத்துக்கொண்டு, இந்தச் சொற்கள் வரும் இடத்தில் எல்லாம் பென்சிலால் மேலே பெயரை எழுதிப் பாருங்கள்: 'நான்', 'வங்கி', 'பெரியப்பா' என்று. அரை மணி நேர வேலை. எழுதி முடித்த பிறகு ஏதாவது வரியில் பெரியப்பா உங்களுக்குத் தர வேண்டியதை நீங்கள் பெரியப்பாவுக்குத் தருவதாக இருந்தால், எழுதியவரிடம் திருப்பிக் கொடுங்கள்.

தாலுகா அலுவலகத்துக்குப் போகும் முன் நேட்டிவிட்டியா, நேஷனாலிட்டியா என்று தெளிவாகத் தெரிந்துகொண்டு போங்கள்.

இதிலும் முதல் நான்கு எழுத்து ஒன்றே, வாலும் ஒன்றே. ஐந்தாம் எழுத்து வி என்றால் நேட்டிவிட்டி, பூர்வீகம் எந்த ஊர் என்ற கேள்வி. ஓ என்றால் நேஷனாலிட்டி, எந்த நாட்டுக் குடிமகன் என்ற கேள்வி. வேறு மாநிலத்தில் இந்த இரண்டும் குழம்பினால் பெரிய சேதம் இல்லை. பூர்வீகம் விழுப்புரமாக இருந்தால் நாடு இந்தியாவாகத்தான் இருக்கும். நமக்கு அப்படி அல்ல.

1954 மார்ச் கடைசியில் நம் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏறியது. அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் பிரெஞ்சுக்காரரிடமிருந்து இந்தியாவின் கைக்கு வந்தது. ஆனால் சட்டப்படியான ஒப்படைப்புக்கு 1956 மே 28-இல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அந்த ஒப்பந்தப்படி இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே இருக்கட்டும் என்று விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதித் தர வேண்டும். ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் எழுதித் தந்து தம்பி தராமல் இருந்தால், இருவருக்கும் நேட்டிவிட்டி ஒன்று, நேஷனாலிட்டி இரண்டு. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கலாம், ஒருவர் பையில் நீல பாஸ்போர்ட், இன்னொருவர் பையில் சிவப்பு. புதுச்சேரியில் இது கதை அல்ல, தெருவுக்குத் தெரு பார்க்கிற நடப்பு. ஆகவே கல்லூரி இடத்துக்காக சென்டாக் விண்ணப்பத்தோடு சான்றிதழ்களை அடுக்கும்போது, குறிப்பேட்டில் கேட்டிருக்கும் சொல்லை அப்படியே எழுத்து எழுத்தாகப் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். 'அந்த நேட்டி-ஏதோ சான்றிதழ்' என்று கேட்டால் அதற்கேற்றபடிதான் கிடைக்கும். இவற்றோடு ரெசிடென்ஸ் என்று மூன்றாவது ஒன்றும் வரும். அது இப்போது எங்கே குடியிருக்கிறோம், எத்தனை ஆண்டாக என்பது. அதைக் குழப்பிக்கொள்ள அவசியமில்லை, சாயலே வேறு.

செல்பேசியில் வங்கிக் குறுஞ்செய்தி வந்தால் தொகைக்கு முன் சொல்லைப் படியுங்கள்.

ரேஷன் அரிசிக்குப் பதிலாகப் பணமே கணக்குக்கு வந்த காலத்தில் நம் பெண்கள் எல்லாரும் குறுஞ்செய்தி பார்க்கப் பழகிவிட்டார்கள். தொகை தெரிகிறது, சொல் தெரிவதில்லை. கிரெடிட் என்றால் வந்தது. டெபிட் என்றால் போனது. டி என்றால் பணத்துக்கு டாட்டா என்று வைத்துக்கொள்ளுங்கள், மறக்காது. சுருக்கமாக சி-ஆர், டி-ஆர் என்றும் போடுவார்கள். பாஸ்புக்கில் இருக்கும் அந்த டி-ஆருக்கும் டாக்டருக்கும் சம்பந்தம் இல்லை.

பிள்ளைகளுக்குத் தமிழிலேயே கொக்கி போட்டுக் கொடுங்கள்.

அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ-க்கு மாறிவிட்ட பிறகு அறிவியலும் சமூகமும் இங்கிலீஷில்தான் வருகின்றன. இங்கிலீஷ்காரன் தன் பிள்ளைக்குச் சொல்லித்தரும் நினைவு உத்தி நம் பிள்ளைக்கு ஒட்டாது. நம்மிடமே நல்ல கொக்கிகள் இருக்கின்றன. பால்பண்ணைக்கு டெய்ரி, நாட்குறிப்புக்கு டைரி. எழுத்துகள் ஐந்தும் அதே ஐந்து, நடுவில் ஏ-யும் ஐ-யும் இடம் மாறுகின்றன. எது எது? 'ஆ' என்றால் பசு என்று இரண்டாம் வகுப்பிலேயே படித்தாயிற்று. டி-யை அடுத்து உடனே ஏ வந்தால் அங்கே பசு நிற்கிறது, அது பால்பண்ணை.

கடன் பாஸ்புக்கில் வரும் 'பிரின்சிபல்' அசல் தொகை. பள்ளி முதல்வரும் அதே எழுத்துதான். கொள்கை என்று பொருள் வரும் சொல்லுக்கு வால் வேறு. நாம் முதல்வரைப் 'பிரின்சிபால்' என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம், அந்தப் 'பால்' இங்கே உதவுகிறது. கடைசியில் பி, ஏ, எல் இருந்தால் பால். கறவை மாட்டுக் கடனின் அசலும் பால், பள்ளி முதல்வரும் பால். மற்றது வெறும் கொள்கை.

நோட்டுப் புத்தகக் கடைப் பலகையில் 'ஸ்டேஷனரி' எழுதுவதில் பாதிப் பேர் தவறிவிடுகிறார்கள். வாலுக்கு முன் இ வந்தால் எழுதுபொருள், ஏ வந்தால் அசையாமல் நிற்பது. இதில் ஒரு வேடிக்கை: இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை. ஐரோப்பாவின் பழைய பல்கலைக்கழகங்களின் வாசலில் ஊர் ஊராகச் சுற்றாமல் ஒரே இடத்தில் கடை போட்டுப் புத்தகம் விற்றவனுக்கு 'ஸ்டேஷனர்' என்று பெயர். நின்ற இடத்தில் விற்றதால் வந்த பெயர், பிறகு விற்ற பொருளுக்குப் போய்விட்டது. ஆகவே பலகையில் ஏ போட்டு எழுதிய கடைக்காரரைப் பெரிதாகக் குற்றம் சொல்ல முடியாது. அவரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்.

வேறுபடும் எழுத்தை மட்டும் பெரிதாக எழுதிக் காட்டுங்கள்.

இதை மருத்துவமனைகளிலிருந்து கற்றுக்கொள்ளலாம். ஹைட்ராலசின் என்று ஒரு மாத்திரை, ரத்த அழுத்தத்துக்கு. ஹைட்ராக்சிசின் என்று ஒன்று, அரிப்புக்கு. மாற்றிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. அமெரிக்காவில் இப்படிப்பட்ட இரட்டைப் பெயர்களில் பொதுவான பகுதியைச் சிற்றெழுத்திலும் மாறுபடும் பகுதியைப் பேரெழுத்திலும் அச்சிடும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். கண் தானாகவே அந்த இடத்தில் நின்றுவிடும். இந்தியாவில் 2016-இல் மருத்துவக் கவுன்சில் விதியைத் திருத்தி, மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாக, முடிந்தால் பேரெழுத்தில் எழுதச் சொன்னது. பிள்ளையின் நோட்டிலும் இதையே செய்யலாம்: வேறுபடும் எழுத்து மட்டும் பெரிதாக, சிவப்பு மையில்.

செய்யக்கூடாதவை

காதில் கேட்டதை நம்பி எழுதாதீர்கள்.

ஒப்படைப்பு ஒப்பந்தத்துக்கு இங்கிலீஷில் 'ட்ரீட்டி ஆஃப் செஷன்' என்று பெயர். சட்டமன்றக் கூட்டத்தொடருக்கும் 'செஷன்'தான். காதுக்கு இரண்டும் ஒன்று, தமிழில் எழுதினாலும் ஒன்று. எழுத்தில் மட்டும் வேறு: ஒப்படைப்பது சி-யில் தொடங்கும், கூடி உட்காருவது எஸ்-ஸில் தொடங்கும். எஸ்-ஸில் எழுதினால் புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தது ஏதோ கூட்டத்தொடர் ஒப்பந்தத்தால் என்று ஆகிவிடும். இன்னும் மோசம், சி-யில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் எஸ்-இ என்று இரண்டு எழுத்து ஒட்டிவிட்டால் 'செசெஷன்', பிரிந்து போவது. கீழூரில் 1954 அக்டோபர் 18-ஆம் தேதி வாக்களித்த 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள். அந்த வரலாற்றை விடைத்தாளில் நம் பிள்ளை 'பிரிந்து போனது' என்று எழுதலாமா? வில்லியனூர் பக்கம் போனால் கீழூர் நினைவிடத்துக்கு ஒரு நடை போய், அங்கே வைத்துச் சொல்லிக்கொடுங்கள்.

சிவப்புக் கோடு வரவில்லை என்பதால் சரி என்று நினைக்காதீர்கள்.

கணினியும் செல்பேசியும் அகராதியில் இல்லாத சொல்லைத்தான் நன்றாகப் பிடிக்கும். ஏ போட்ட ஸ்டேஷனரியும் அகராதியில் இருக்கிறது, நாட்குறிப்பும் இருக்கிறது, பால்பண்ணையும் இருக்கிறது. 'என் டெய்ரியில் தினமும் எழுதுகிறேன்' என்று தட்டினாலும் பல நேரம் அது பேசாமல் இருக்கும். அதற்கு மாடும் தெரியாது, நோட்டும் தெரியாது.

'மேரிட்டல்' என்று கேட்ட இடத்தில் திகைக்காதீர்கள்.

விண்ணப்பத்தில் திருமணம் ஆனதா என்று கேட்கும் கட்டம் அது. ஐ-யும் டி-யும் இடம் மாறினால் 'மார்ஷியல்', போர் சம்பந்தப்பட்டது. இரண்டும் ஒன்றுதானே என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், கட்டத்தில் 'ஆனது' அல்லது 'ஆகவில்லை' என்று மட்டும் எழுதுங்கள்.

பணம் வருவதற்கு என்று சொல்லி ரகசிய எண்ணைத் தட்டச் சொன்னால் தட்டாதீர்கள்.

திரையில் 'ரிக்வெஸ்ட்', 'ரிசீவ்' என்று இரண்டு சொல் ஆர்-இ என்றே தொடங்கும். ஒன்று உங்களிடம் பணம் கேட்கிறது, மற்றது உங்களுக்கு வருவது. மோசடிக்காரனுக்கு இந்தக் குழப்பம்தான் முதலீடு. யுபிஐ-யில் பணம் வாங்க ரகசிய எண் தேவையே இல்லை. பணம் வருவதாகச் சொல்லி அதைக் கேட்டாலே அது போகிற பணம். தட்டிவிட்டீர்கள் என்றால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 1930-க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணியும் பணம் இன்னொரு கணக்குக்குத் தாவ இடம் கொடுக்கும்.

பிரெஞ்சுப் பலகையை இங்கிலீஷாகப் படிக்காதீர்கள்.

இது பாண்டிக்குப் போகும்போது மட்டும். கடற்கரைப் பக்கத் தெருக்களில் 'ரூ' என்று நீலப் பலகை இருக்கும். பிரெஞ்சில் அதற்குத் தெரு என்று பொருள். அதே மூன்று எழுத்துக்கு இங்கிலீஷில் 'வருந்து' என்று பொருள். 'லிப்ரேரி' என்று பலகை இருந்தால் அது நூலகம் அல்ல, புத்தகக் கடை. உள்ளே போய்ப் படித்துவிட்டு வரலாம் என்று நினைத்துப் போனால் விலைதான் சொல்வார்கள்.

எல்லாச் சோடிக்கும் பயப்படாதீர்கள்.

'பிராக்டிஸ்', 'லைசென்ஸ்' இரண்டையும் சி-யில் எழுதுவதா எஸ்-ஸில் எழுதுவதா என்று பிள்ளைகளை வாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனில் பெயர்ச்சொல்லுக்கு சி, வினைச்சொல்லுக்கு எஸ். அமெரிக்காவில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. அவர்களுக்குள்ளேயே முடிவாகாத வழக்கில் நம் பிள்ளை அடி வாங்க வேண்டியதில்லை. பொருள் கெடும் இடத்தில் கண்டிப்பு, கெடாத இடத்தில் விட்டுவிடலாம்.

படிக்கத் திணறுகிறவரை ஊர் நடுவில் கேலி செய்யாதீர்கள்.

தாத்தா கையில் பாட்டிலை வைத்துக்கொண்டு 'இது என்ன மருந்துப்பா, பாத்துச் சொல்லேன்' என்று கேட்டால் அது கெட்டிக்காரத்தனம். கேட்காமல் டேங்கில் ஊற்றுவதுதான் தவறு. பேரன் முகம் சுளித்தால் அடுத்த முறை அவர் கேட்க மாட்டார், ஊற்றிவிடுவார். கடையில் நிற்பவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும். 'இது களைக்கு' என்று வாயால் சொல்லிக் கொடுப்பதற்குக் காசு ஆகாது.

களைக்கொல்லி அடித்த தெளிப்பானில் அப்படியே பூச்சிமருந்து கலக்காதீர்கள்.

படித்து வாங்கினாலும் இதில் கோட்டைவிடுகிறவர்கள் உண்டு. டேங்கின் அடியிலும் குழாயிலும் தங்கிய மிச்சமே காய்கறிப் பயிரைச் சுருட்டப் போதும். முடிந்தால் களைக்கு என்று தனித் தெளிப்பான் வையுங்கள், முடியாவிட்டால் பலமுறை நன்றாகக் கழுவுங்கள்.

பாட்டிலைப் பெயர் தெரியாமல் வீட்டில் வைக்காதீர்கள்.

பாதி தீர்ந்த மருந்தை வேறு பாட்டிலுக்கு மாற்றவே கூடாது, குடிதண்ணீர் பாட்டிலுக்கு நிச்சயமாகக் கூடாது. பழைய பாட்டிலில் ஒட்டிய தாளும் ஈரத்தில் உரிந்துவிடும். நல்ல மார்க்கர் பேனா ஒன்று வாங்குங்கள். மாட்டுக்கொட்டகைப் பரணில் இருக்கும் எல்லா மருந்தையும் இறக்கி, இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் மேலும் கொட்டை எழுத்தில் தமிழில் எழுதுங்கள்: பூச்சிக்கு, நோய்க்கு, களைக்கு. இந்தப் பருவத்து மருந்து அடிப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.